அரை மணி நேர வெளிச்சம்

பாப்பா,

நம் வீட்டுப் பிள்ளைகளின் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பாய். விக்னேஷுக்கு ஒரகடத்துக் கம்பெனியில் பதவி ஏறியிருக்கிறது. இருபது பேர் அவன் சொன்னபடி வேலை செய்கிறார்கள். திவ்யா அந்தக் குளிர் தேசத்து ஆஸ்பத்திரியில் ஒரு வார்டுக்கே பெரிய நர்ஸ் ஆகிவிட்டாள். கடைக்குட்டி மோனிஷா, பத்தாவதில் பள்ளிக்கூடத்துக்கே முதலாக வந்தாளே, அவள் பரீட்சை எல்லாம் தேறி இன்று காலை பேங்க் வேலைக்குக் கிளம்பினாள். வாலாஜாபாத்தில்தான் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். உத்தரமேரூரைச் சுற்றி ஒரே மகன் வயிற்றில் இப்படி மூன்று பிள்ளைகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள், சொல் பார்க்கலாம்.

ஏழு மணி பஸ்ஸுக்கு எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். மருமகள் கற்பூரம் ஏற்றினாள். மகன் வண்டியைத் திருப்பி நிறுத்தினான். நானும் எழுந்தேன். ஆனால் வாசலுக்குப் போகவில்லை. கால் தானாகப் பின்பக்கம் போனது. நெல் மூட்டை போடும் அறைக் கதவைக் கை தானாக இழுத்துச் சாத்தியது. அந்தக் கதவு தரையில் உரசுகிற சத்தம் உனக்குத் தெரியுமே.

சோற்று டப்பாவை எடுக்கச் சமையற்கட்டுக்கு வந்த மோனிஷா பார்த்துவிட்டாள்.

"யாருக்கு ஆயா சாத்துற?" என்றாள்.

உள்ளே யாரும் இல்லை. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நாற்பத்தைந்து வருஷம் செய்த கை, ஆள் போன பிறகும் செய்கிறது. அவள் கதவைத் திரும்பத் திறந்து வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். அப்போதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மோனிஷாவின் பழைய நோட்டில் மீதி இருக்கும் தாள்களில் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. இரண்டு வரிக்கு ஒருமுறை வலிக்கிறது. வைத்துவிட்டு வைத்துவிட்டு எழுதுகிறேன்.

நீ வாழ்க்கைப்பட்ட பெருநகர் கிராமத்திலிருந்து உன்னை அழைத்து வந்த நாள் எனக்கு மறக்கவில்லை. மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்து உன் வீட்டுக்காரர் போனபோது உனக்கு இருபத்திரண்டு வயது. மடியில் பிள்ளை இல்லை. பதினாறாம் நாள் உன் அண்ணன், என் வீட்டுக்காரர், உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். என் மாமியார், உன்னைப் பெற்றவள்தான், நெல் அறையில் பாயை விரித்து, "காத்தால வெளிய வராத பாப்பா. நாலு பேரு நல்லதுக்குப் போவாங்க," என்று சொன்னாள். சொல்லும்போது அவளும் அழுதாள். அப்படித்தான் ஆரம்பித்தது. கடைசிப் பிள்ளை என்று பாப்பா, பாப்பா என்று கூப்பிட்ட வீடு, எழுபதை நெருங்கும் வரைக்கும் உன்னை அப்படியே கூப்பிட்டது. பெயர்தான் குழந்தைப் பெயர்.

மாமியார் போய் இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. அதற்கப்புறம் உன்னை உள்ளே இரு என்று சொன்னது யார்? யாரும் சொல்லவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை, கதவைச் சாத்தினேன். விக்னேஷ் முதல் நாள் பள்ளிக்கூடம் போனபோது, காலேஜ் போனபோது, திவ்யா ஏரோப்ளேன் ஏறப் போனபோது எல்லாம் சாத்தினேன். நீ விடியுமுன் எழுந்து சமைத்து, எல்லோருக்கும் டப்பாவில் கட்டி வைத்துவிட்டு, பொழுது கிளம்பும் நேரத்துக்கு அறைக்குள் போய்விடுவாய். கடைசி ஆள் தெருமுனை தாண்டிய பிறகு நான் கதவைத் தட்டுவேன். அதற்குள் ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். உன் கைச் சோறு ஒரகடம் வரைக்கும் போயிற்று. நீ அந்த நேரத்தில் வாசல் வரைக்கும் வந்ததில்லை.

வாசலில் நான் நிற்பேன். எதிர் வீட்டுக் கனகாவைத் தண்ணீர்க் குடத்தோடு எதிரில் வரச் சொல்லிவைப்பேன். பூவும் பொட்டுமாக அவள் வருவாள், பிள்ளைகள் போவார்கள்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் ஆடி மாதம் நீ தலை வாருவதை நிறுத்தினாய். பிறகு குளிப்பது நின்றது. சோறு போட்டால் அப்படியே காயும். ஒன்பதரைக்குக் கதவைத் தட்டினாலும் எழுந்து வரமாட்டாய்.

"உடம்புக்கு இன்னா பண்ணுது பாப்பா?"

"ஒண்ணும் பண்ணல அண்ணி. ஆனா எதுவும் வாணாம்னு கீது. எய்ந்து இன்னா பண்ணப் போறேன்?"

மானாம்பதிக்குக் கூட்டிப்போய் வேப்பிலை அடித்தோம். கயிறு கட்டினோம். கனகா, "சும்மா குந்திக்கினு சோறு துன்னா இப்டித்தான் பெரிம்மா பேஜார் புடிக்கும்," என்றாள். அந்த வருஷம் முழுக்க உன்னை இழுத்து இழுத்து ஓட்டினோம். அடுத்த ஆடி வந்தபோது, "ஆண்டவன் என்ன மட்டும் எடுத்துக்க மறந்துட்டான்," என்று நீ சொன்னாய். மோனிஷா அதைக் கேட்டுவிட்டாள். மறுநாளே அவள்தான் நம் இரண்டு பேரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மனசு டாக்டர் வருகிற கிழமை.

முதலில் மாத்திரை கொடுத்தார்கள். உனக்குத் தலை சுற்றி, கிணற்றடியில் விழுந்து முட்டி பெயர்ந்தது. திரும்பப் போனோம். அந்த டாக்டரம்மா சின்னப் பெண். திவ்யா வயதுதான் இருக்கும். மாத்திரையை எழுதாமல் பேச ஆரம்பித்தாள்.

"காலையில எத்தனை மணிக்கு வெளியில வருவீங்க?"

"எல்லாரும் போன பொறவு தான் வருவேன் டாக்டரம்மா."

"ஏன்?"

"நான் தாலி அறுத்தவ. போறவங்களுக்கு எதிருல வரக் கூடாதில்ல?"

"எத்தனை வருஷமா?"

"நாப்பத்தஞ்சி இருக்கும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க யாரு?"

"இவங்க அண்ணன் சம்சாரம்."

"உங்க வீட்டுக்காரர்?"

"அவரும் பூட்டாரு. ஆறு வருசம் ஆவுது."

"அப்ப காலையில நீங்க எங்க இருப்பீங்க?"

நான் என் முந்தானையைப் பார்த்தேன். நீதான் பதில் சொன்னாய், எனக்காகப் பரிந்துகொண்டு. "அவங்க வாசல்ல நின்னு தான எல்லாரையும் அனுப்புவாங்க? வூட்டுக்குப் பெரியவங்க இல்ல?"

பாப்பா, உன் அண்ணன் போன பிறகு நானும் உன்னைப் போலத்தான் ஆனேன். என்னை யாரும் உள்ளே போகச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய இடத்தில் நான்தானே இருந்தேன்? எனக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம் என்று ஆறு வருஷம் நம் வீட்டில் நடந்திருக்கிறது. அதை அந்தப் பெண் ஒரு கேள்வியில் கேட்டுவிட்டாள். பஸ்ஸில் வரும்போது நீ என் தோளில் சாய்ந்து தூங்கினாய். நான் தூங்கவில்லை.

டாக்டரம்மா சொன்ன வைத்தியம் உனக்குச் சிரிப்பாக இருந்தது. மருந்தில்லை, ஊசியில்லை. காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் நல்ல வெளிச்சம் முகத்தில் படவேண்டும். தினமும் ஒரே நேரத்தில். மனசு சோர்வுக்கு அது கேட்கும் என்றாள். இருட்டிலேயே இருந்தால் உடம்புக்குள் தூக்கம், பசி, மனசு எல்லாம் நேரம் தவறிப்போகுமாம். காலை வெளிச்சம் அதைத் திரும்ப நேருக்குக் கொண்டுவருமாம். "எல்லாருக்கும் கேட்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன் பாட்டி. கேட்கலைன்னா வேற மாத்திரை இருக்கு, விடாம வாங்க," என்றாள். உனக்குச் சர்க்கரையும் கண் ஆபரேஷனும் இருந்ததால் முதலில் கண் டாக்டரிடம் காட்டச் சொன்னாள். காட்டினோம், சரி என்றார்கள்.

ஆனால் காலையில் வெளியே வரவேண்டுமே. அதற்கு நீ ஒப்பவில்லை.

அந்த வாரம் திவ்யாவிடம் போனில் சொன்னேன். "ஆயா, எனக்கும் வந்துச்சு," என்றாள் அவள். அந்த ஊரில் குளிர்காலத்தில் மூன்று மணிக்கே இருட்டிவிடுமாம். போன முதல் வருஷம் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே முடியாமல் கிடந்திருக்கிறாள். அங்கே டாக்டர் ஒரு விளக்கு கொடுத்து, தினம் காலையில் அதன் முன்னால் உட்காரச் சொல்லியிருக்கிறார்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ ஊரு பூரா என்னப் பத்திப் பெருமை பேசிக்கினு கீற. நான் இன்னான்னு சொல்றது?"

அந்த விளக்கைத்தான் மெட்ராஸ் வந்த சிநேகிதி கையில் கொடுத்தனுப்பினாள். சிலேட்டை விடக் கொஞ்சம் பெரிது. போட்டால் மத்தியானக் களத்துமேடு மாதிரி வெளுத்தது. ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வைக்கவேண்டும், அதையே முறைத்துப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். நீ அதை நெல் அறையில், மூட்டை மேல் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாய். கனகாவுக்குப் பேச்சு கிடைத்தது.

"இன்னா பெரிம்மா, சூரியன் நம்ம ஊருக்கு லீவு வுட்டுட்டாரா? பாப்பா அத்த பல்பு எதுருல குந்திக்கினு கீது?"

"சூரியன் வாசலுக்கு வர்றாரு. இது வாசலுக்கு வரமாட்டேங்குது," என்றேன் நான். சொல்லிவிட்டு என் பேச்சு எனக்கே கசந்தது.

ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் நீயாகச் சீப்பைக் கேட்டாய். மூன்றாவது வாரம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "அண்ணி, கொயம்புல உப்பு கம்மி," என்றாய். ஒன்றேகால் வருஷத்துக்குப் பிறகு என் சமையலில் நீ கண்ட முதல் குறை. நான் சமையற்கட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துதான் உப்பை வைத்தேன்.

கார்த்திகை மழையில் கரண்ட் வந்து வந்து போனது. ஒரு நாள் விளக்கு கருகி நாற்றம் வந்தது. அதோடு சரி. டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னதற்கு, "வேற விளக்குக்கு ஏன் காத்திருக்கணும்? மழை மூட்டமா இருந்தாக் கூட வெளி வாசல் வெளிச்சம் வீட்டுக்குள்ள இருக்கறத விட எவ்வளவோ மேல். சூரியனை நேராப் பார்க்காம, காலையில அரை மணி வெளியில உக்காருங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்து, "நான் சொல்றேன், வா," என்று உன்னைக் கூப்பிட்டேன்.

"நீ தான சொல்ற அண்ணி? போறவங்க சொல்லட்டும்," என்றாய்.

போகிறவளே வந்து சொன்னாள். மோனிஷாவுக்கு மறுநாள் பேங்க் பரீட்சை. "பாப்பாத்த, நாளைக்கு நீ தான் எனக்கு எதுருல வரணும். கனகா அத்த வாணாம்," என்றாள். நீ அவள் முகத்தையே பார்த்தாய். மறுநாள் குளித்து, வெளுத்த புடவை கட்டி, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனையிலிருந்து நீ நடந்து வந்தாய். குடம் தளும்பி உன் புடவை நனைந்தது. அவள் உன் எதிரில் சிரித்துக்கொண்டு போனாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் தேறவில்லை.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பாப்பா, அதை நீ எங்கே இருந்தாலும் நம்பு. ஆனால் என் முகம் பேசியிருக்கும். மோனிஷாவே, "நான் சரியாப் படிக்கல ஆயா," என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அதை விளங்கிக்கொள்ள ஐந்தாம் வகுப்புப் படிப்பே போதும். அன்று எனக்கு அது கூட உதவவில்லை. மார்கழியில் அடுத்த பரீட்சை வந்தது. அவளுக்குத் தெரியாமல், விடிந்ததும் நான் எதிர் வீட்டுக்குப் போய்க் கனகாவிடம் குடத்தைக் கொடுத்தேன். திரும்பி வரும்போது நீ சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தாய். குடத்தோடு கனகா வருவதைப் பார்த்தாய். டப்பாவை மூடி வைத்துவிட்டு உள்ளே போனாய். அந்த ஒரு நாள் நான் கதவைத் தொடவில்லை. நீயே சாத்திக்கொண்டாய்.

அந்தப் பரீட்சையில் அவள் தேறினாள். தை பிறந்து முடிவு வந்தது. வீடெல்லாம் சத்தம். நீ கதவைத் திறந்து வந்து அவளுக்குத் திருஷ்டி கழித்தாய். பிறகு என் பக்கம் வந்து, மெதுவாக, "பாத்தியா அண்ணி? நான் உள்ள இருந்தா தான் நல்லது," என்றாய். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் வருத்தம் இல்லை. நிம்மதி இருந்தது. வருத்தம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அன்று முதல் நீ திரும்பவும் சோற்றைக் காயவிட்டாய்.

மறுநாள் காலை நான் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கிழக்குப் பார்த்த தெரு ஓரத்தில், பைப்பு பக்கத்தில் போட்டேன். ஒன்றில் நான் உட்கார்ந்தேன். ஏழு மணி பஸ்ஸுக்கு ஊர் போகிற வழி அதுதானே? மருமகள் வந்து, "இன்னா அத்த இது, நடுத் தெருவுல?" என்றாள். "எனக்குத் தாலி இல்ல. போறவங்க பாத்துக்கினு போவட்டும்," என்றேன். மூன்று நாள் இப்படி உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலி சும்மா இருந்தது. பனியில் முட்டி பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் நெல் அறைக் கதவு உரசுகிற சத்தம் கேட்டது. நீ போர்வையைப் போர்த்துக்கொண்டு வந்து நின்று, "ஜொரம் வரப் போவுது. உள்ள வா அண்ணி," என்றாய்.

"நீ குந்து, நான் வர்றேன்."

குந்தினாய். பாதி நாற்காலியில், எந்த நேரமும் எழுந்து ஓடுகிறவள் மாதிரி. அப்போது பார்த்து மேலத்தெருக்காரர்கள் பெண் பார்க்கக் கிளம்பி வந்தார்கள். தட்டு, பூ, பழம். முன்னால் வந்த அம்மாள் நம்மைப் பார்த்தாள். நம் இரண்டு நெற்றியையும் பார்த்தாள். எல்லோரையும் திருப்பிக்கொண்டு போனாள். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பக் கிளம்புவார்கள், நாமும் எத்தனை தடவை செய்திருக்கிறோம்.

நீ எழுந்துவிட்டாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"குந்து. அரை மணி ஆவல."

"அண்ணி, அவங்க..."

"டாக்டரம்மா அரை மணின்னு சொல்லிக்கீறாங்க. பத்து நிமிசம் தான் ஆச்சி. குந்து."

எனக்கு வேறு பேச்சு தெரியவில்லை பாப்பா. சாத்திரம் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது, நாற்பத்தைந்து வருஷம் அதைக் காப்பாற்றியவள் நான். வைத்தியம் என்றால் சொல்ல முடிந்தது. பிடித்த கையை நான் விடவில்லை. அவர்கள் இரண்டாம் தடவை வந்தபோதும் நாம் அங்கேதான் இருந்தோம். இந்தத் தடவை அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கடந்தார்கள்.

அதற்கப்புறம் தினமும் உட்கார்ந்தோம். உனக்கு முழுக்கச் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். சில நாள் நாற்காலியிலேயே அழுதாய். ஏன் என்று உனக்கும் தெரியாது. ஆனால் சாப்பிட்டாய், குளித்தாய், கனகாவின் கோலத்தைப் பார்த்து, "புள்ளி வெச்சதா, கோயி மேஞ்சதா?" என்று கேட்டாய். மாசியில் மோனிஷா அதே வேலைக்கான அடுத்த கட்டத் தேர்வுக்குப் போனபோது நம் இரண்டு பேரையும் தாண்டித்தான் போனாள். அந்த மாதமே திவ்யா லீவில் வந்து, ஒரு காலையில் நாம் உட்கார்ந்திருப்பதைப் போனில் படம் எடுத்தாள். வெயில் கண்ணில் பட்டு நீ நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு என்னவோ சொல்லிச் சிரித்தாய். என்ன சொன்னாய் என்று நினைவில்லை. எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், வரவில்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவள் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். அவ்வளவுதான். மாலை போட உன் படம் வேண்டும் என்று மகன் கேட்டான். எல்லா ஆல்பத்தையும் எடுத்துப் போட்டோம். விக்னேஷ் காது குத்து, திவ்யா மஞ்சள் நீராட்டு, விமான நிலையத்தில் வழியனுப்பியது, எல்லாவற்றிலும் நான் இருக்கிறேன். பட்டுப்புடவையில், நடுவில். நீ ஒன்றிலும் இல்லை. திவ்யா போனில் எடுத்த படம் அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை. கடைசியில் ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி மாட்டினார்கள். அதில் நீ யாரோ அதட்டி உட்கார வைத்த மாதிரி இருக்கிறாய்.

இன்றைக்கும் காலையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துதான் வந்தேன். இரண்டாவதைத் தூக்க இப்போது தெம்பு இல்லை. ஒன்றைத்தான் தூக்குகிறேன். வைத்தியம் எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை, ஆனாலும் அரை மணி ஆகாமல் எழுந்திருப்பதில்லை. மோனிஷா கிளம்புமுன் உள்ளே வந்தேன், கை அந்த வேலையைச் செய்துவிட்டது. நாளையும் செய்யுமோ என்னவோ. அதனால் சாயங்காலம் மகனிடம் சொல்லி அந்தக் கதவைக் கழற்றி வைக்கப் போகிறேன்.

திவ்யாவுக்கும் ஒரு சீட்டு எழுதிவிட்டேன். போனில் இருக்கும் அந்தப் படத்தைக் காகிதத்தில் போட்டுத் தபாலில் அனுப்பு, பெரிதாக அனுப்பு, என்னை வெட்டி எடுத்துவிட்டாலும் பரவாயில்லை என்று. எங்கே மாட்டுவாய் என்று அவள் கேட்பாள். வாசல் நிலைக்கு மேலே, உள்பக்கமாக. காலையில் இந்த வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் நிமிர்ந்தால் முதலில் உன் முகம் தெரியவேண்டும்.